உறையையும் உண்ணலாம்: மீன்தோல் புரதத்திலிருந்து உணவுப் படலம்

மருந்துக் கடையில் வாங்கும் கேப்ஸ்யூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே கசக்கும் தூள். வெளியே வழவழப்பான, நிறமேற்றிய ஓர் உறை. அவ்வுறையை நாம் உரித்து எறிவதில்லை. மருந்தோடு சேர்த்தே விழுங்குகிறோம். வயிற்றின் வெதுவெதுப்பில் அது கரைந்து, மற்ற புரதங்களைப் போலச் செரித்துவிடுகிறது. 1834ஆம் ஆண்டு பிரான்சில் காப்புரிமை பெற்ற அந்த ஜெலட்டின் உறையே, உண்ணத்தக்க சிப்பப்பொருள் என்னும் கருத்துக்கு நமக்கு மிகவும் பழக்கமான சான்று.

அதே ஜெலட்டினை மீனின் தோலிலிருந்தும் செதிலிலிருந்தும் எடுக்கலாம். அதை மெல்லிய படலமாக வார்த்து உணவைச் சுற்றலாம். உணவோடு சேர்த்து உண்டும் விடலாம். நெகிழிக் குப்பை பெருகிவரும் இந்நாளில் இச்செய்தி பலரையும் கவர்வது இயல்பே. "மீன் கழிவு இலவசம், நெகிழிக்குத் தடை, ஆகவே இது பொன் விளையும் தொழில்" என்று எண்ணிக் கையிருப்பை முதலிட முனைவோரும் உண்டு. அந்த எண்ணத்தில் உண்மையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இப்பாடத்தின் நோக்கம். அறிவியலை முதலிலும், கணக்கை அதன்பின்னும், கடனை இறுதியிலும் காண்போம்.

கடல் தரும் புரதங்கள்

படலம் ஆக்குவதற்கு ஏற்ற புரதங்களை மீனிலிருந்து மூன்று வகையாகப் பெறலாம்.

முதலாவது கொலாஜன். தோல், செதில், எலும்பு, காற்றுப்பை ஆகியவற்றுக்கு உறுதி தருவது இதுவே. மூன்று இழைகள் கயிறு போல் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருப்பது கொலாஜனின் அமைப்பு. வெந்நீரில் இட்டால் முறுக்கு அவிழ்ந்து இழைகள் பிரிகின்றன. அவ்வாறு பிரிந்த நிலையில் உள்ளதே ஜெலட்டின். ஆறும்போது இழைகள் ஓரளவு மீண்டும் பின்னிக்கொள்கின்றன. ஜெல்லி உறைவதும், ஜெலட்டின் கரைசல் காய்ந்தால் படலமாவதும் இக்காரணத்தால்தான்.

இரண்டாவது, மீன் சதையின் தசைநார்ப் புரதங்களான மயோசினும் ஆக்டினும். சதையை அரைத்துக் குளிர்நீரில் பலமுறை அலசினால் எஞ்சும் வெண்ணிறப் பிசைவே சுரிமி எனப்படுகிறது. கேரளத்தார் கிளிமீன் என்றும், தமிழகக் கரையில் சங்கரா என்றும் அழைக்கும் மீன் வகை சுரிமிக்குப் பெயர் பெற்றது. சுரிமியிலிருந்தும் உறுதியான படலம் செய்யலாம். ஆனால் அதுவே மனித உணவாக விலைபோகும் பொருள் என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, சுரிமி ஆலையின் அலசுநீரில் கரைந்து வெளியேறும் புரதம். இதுவும் படலமாகும். எனினும் பெருமளவு நீரிலிருந்து சிறிதளவு புரதத்தைப் பிரித்தெடுக்க வேண்டியிருப்பதால், இதன் பயன் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவிலேயே நிற்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்வது நலம். இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானும், கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர், கராஜீனன், ஆல்ஜினேட் ஆகியனவும் கடலிலிருந்து வருபவையே, படலம் ஆகக்கூடியவையே, ஆனால் புரதங்கள் அல்ல. அவை மாச்சத்தின் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் இயல்பு வேறு, செய்முறை வேறு, சந்தையும் வேறு. "கடற்பொருள் படலம்" என்னும் ஒரே பெயரில் எல்லாவற்றையும் கலந்து எழுதப்படும் திட்ட அறிக்கை, எழுதியவருக்கே பொருள் தெளியவில்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூலப்பொருள் உண்மையில் எங்கே உள்ளது?

2023-24ஆம் நிதியாண்டில் இந்தியா ஏறத்தாழ 17.8 லட்சம் டன் கடலுணவை, சுமார் 60,500 கோடி ரூபாய் மதிப்பில் ஏற்றுமதி செய்தது. இப்பெருந்தொகையைக் கண்டதும், "கழிவுக்குப் பஞ்சமே இல்லை" என்று தோன்றலாம். ஆனால் அம்மதிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உறைகுளிர் இறாலால் வந்தது. இறாலின் தலையும் ஓடும் முதன்மையாகக் கைட்டினுக்கும் தீவனத்துக்கும் உரியவை. ஜெலட்டினுக்கு வேண்டியது மீன்தோல்.

நம் நாட்டில் மீன்தோல் தனியே சேரும் இடங்கள் குறைவு. நம் இல்லங்களில் மீனைத் தோலோடுதான் குழம்பில் இடுகிறோம். சந்தையில் செதிலை மட்டுமே சீவித் தருகின்றனர். எனவே தோல் தனியே சேர்வது, மீனைத் தோலுரித்து முள் நீக்கித் துண்டமாக்கும் ஆலைகளிலும், சுரிமி ஆலைகளிலும்தான். குஜராத்தின் வெராவல், மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி போன்ற மேற்குக் கரை மையங்களும், ஆந்திரத்தில் வளர்க்கப்படும் பங்காசியஸ் மீனைத் துண்டமாக்கும் ஆலைகளும் இதற்கு எடுத்துக்காட்டு. அவற்றிலிருந்து தொலைவில் தொடங்கப்படும் தொழிற்கூடம், தோலை வாங்குவதற்குச் செலவிடுவதைக் காட்டிலும் பனிக்கட்டிக்கும் வண்டிக்கும் மிகுதியாகச் செலவிட நேரும்.

பனிக்கட்டி ஏன்? மீன்தோலில் சதையின் எச்சமும் நொதிகளும் நுண்ணுயிர்களும் இருக்கின்றன. நம் கடற்கரையின் வெப்பத்தில் சில மணி நேரம் கிடந்தாலே அது நாற்றமெடுக்கத் தொடங்கும்; கொலாஜன் இழைகளும் சிதையும். சிதைந்த இழையிலிருந்து வலுவான படலம் வராது. ஆகவே கழிவை உணவாக்கும் இத்தொழிலில், அதைக் கழிவாகவே கருதலாகாது. துண்டம் எவ்வளவு குளிர்ச்சியாகக் காக்கப்படுகிறதோ, அவ்வளவு குளிர்ச்சியாகத் தோலையும் காக்க வேண்டும்.

செதிலின் நிலை இதற்கு மாறானது. நன்கு கழுவி வெயிலில் உலர்த்தினால் செதில் நெடுநாள் கெடாது. மூட்டையாகக் கட்டி அனுப்பலாம். அதில் சுண்ணாம்பு உப்புகள் மிகுந்திருப்பதால், ஜெலட்டின் எடுப்பதற்கு முன் அமிலத்தில் ஊறவைத்து அவற்றை நீக்க வேண்டும் என்பது மட்டுமே கூடுதல் வேலை.

கழிவென்று நாம் எண்ணுவதற்கும் சந்தை மதிப்பதற்கும் உள்ள இடைவெளிக்குக் கோல் மீன் நல்ல சான்று. 2023இல் குஜராத் அரசு மாநில மீனாக அறிவித்த இம்மீனில், சதையைக் காட்டிலும் கொலாஜன் நிறைந்த அதன் காற்றுப்பைக்கே வெளிநாட்டில் பெருவிலை. எப்பொருளையும் அதை வாங்குபவரின் கண்ணால் காண்பதே வணிகத்தின் முதற்பாடம்.

செய்முறை: தோலிலிருந்து ஜெலட்டின்

தோலை முதலில் குளிர்நீரில் அலசிச் சதையையும் கொழுப்பையும் நீக்குகின்றனர். பின்னர் நீர்த்த காரக் கரைசலில் ஊறவைத்து, கொலாஜன் அல்லாத பிற புரதங்களையும் நிறமியையும் கழிக்கின்றனர். நன்கு கழுவியபின், அசிட்டிக் அல்லது சிட்ரிக் போன்ற மென்மையான அமிலத்தில் இட்டால் தோல் உப்பி, முறுக்கிய இழைகள் தளர்கின்றன. மீண்டும் கழுவி, 45 முதல் 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் சில மணி நேரம் வைத்தால் ஜெலட்டின் நீரில் இறங்குகிறது. வடிகட்டிச் செறிவாக்கி உலர்த்தினால், இளமஞ்சள் நிறத் தூள் கிடைக்கும்.

வெப்பத்தைக் கூட்டினால் மிகுதியாகக் கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்கும், ஆனால் இழைகள் துண்டுபட்டு வலு குன்றும். அளவும் தரமும் எதிரெதிரே இழுக்கும் இவ்விடத்தில்தான் கைத்திறன் தேவைப்படுகிறது. வலுவை அளக்க 'புளூம்' என்னும் அலகு உண்டு. உறைந்த ஜெல்லியில் ஒரு தண்டை 4 மில்லிமீட்டர் ஆழம் அழுத்த எவ்வளவு எடை வேண்டும் என்பதே அந்த அளவு. வாங்குபவர் முதலில் கேட்கும் எண்ணும் அதுவே.

குளிர்க்கடலில் வாழும் காட் போன்ற மீன்களின் ஜெலட்டின், அறை வெப்பத்தில் உறையாமல் நீராகவே நிற்கும். இழைகளைப் பிணைக்கும் புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின் என்னும் அமினோ அமிலங்கள் அதில் குறைவு. வெப்ப நீரில் வாழும் திலேப்பியா, பங்காசியஸ், ரோகு போன்றவற்றில் அவை மிகுதி. ஆகவே ஜெலட்டினும் வலுவானது. வெப்பநாட்டு மீன்களை உடைய நமக்கு இயற்கை தந்த அனுகூலம் இது.

செய்முறை: ஜெலட்டினிலிருந்து படலம்

நூறு பங்கு நீரில் நான்கைந்து பங்கு ஜெலட்டினைக் கரைத்து, ஏறத்தாழ 60 பாகைக்குச் சூடாக்குகின்றனர். ஜெலட்டினின் எடையில் கால் பங்கு அளவுக்குக் கிளிசரால் சேர்க்கப்படுகிறது. கிளிசரால் இல்லையேல் படலம் அப்பளம் போல் நொறுங்கும், மிகுந்தால் பிசுபிசுக்கும். காற்றுக் குமிழிகளை நீக்கிச் சமதளத் தட்டில் ஊற்றி, மிதமான வெப்பத்தில் உலர்த்தி உரித்தெடுத்தால், கண்ணாடி போன்ற தெளிந்த படலம் கையில் வரும். ஆய்வுக்கூடத்தில் ஒரு தட்டு உலர ஒரு நாள் வரை ஆகலாம். ஆலை அளவில் நகரும் பட்டைமேல் வார்த்து, சூடான காற்றால் விரைந்து உலர்த்த வேண்டும்.

கரைசலில் கிராம்பெண்ணெய், மஞ்சளின் குர்குமின், தேயிலைச் சாறு போன்றவற்றைச் சேர்த்தால், கொழுப்பு சிக்குப் பிடிப்பதையும் நுண்ணுயிர் பெருகுவதையும் படலமே தடுத்து நிற்கும். சங்குப்பூவின் நீல நிறமியைச் சேர்த்துச் செய்த படலம், மீன் கெடும்போது எழும் கார ஆவியால் நிறம் மாறிக் காட்டும். இவையெல்லாம் ஆய்வுகளில் மெய்ப்பிக்கப்பட்டவை.

வலிமையும் குறையும்

இப்படலத்தின் சிறப்பு ஆக்சிஜனைத் தடுப்பது. உலர்ந்த நிலையில் இவ்வகையில் அது பாலிதீனை விஞ்சும். எண்ணெய்ப் பொருள்கள் சிக்கு வாடை அடிப்பது ஆக்சிஜனால் என்பதால் இது சிறிய நன்மை அன்று. எண்ணெயும் மணமும் இதன் வழியே எளிதில் கசிவதில்லை. சூட்டால் ஒட்டவும் முடியும்.

இதன் குறை ஈரம். புரதம் நீரை விரும்பும் பொருள். நீராவியைத் தடுப்பதில் பாலிதீனுக்கு இது அருகிலும் வாராது. மழைக்காலக் காற்றில் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும். நீர் பட்டால் ஊறிக் கரையும். தேன்மெழுகு கலத்தல், கைட்டோசானோடு இரட்டைப் படலமாக்குதல், நொதிகளால் இழைகளைப் பிணைத்தல் என்று மாற்று வழிகள் உள்ளன. அவை குறையைத் தணிக்குமேயன்றி முற்றிலும் போக்கா.

இன்னொன்றும் உண்டு. உண்ணும் படலத்தின்மேல் தூசியும் கைபட்ட அழுக்கும் படலாகாது. எனவே அதற்கு வெளியே மற்றோர் உறை கட்டாயம் வேண்டும். ஆகவே மீன்புரதப் படலம் நெகிழியை ஒழித்துவிடாது. பல அடுக்கு நெகிழியைக் குறைக்கும். உள்ளிருக்கும் பொருளின் ஆயுளைக் கூட்டும். இதற்கு மேல் உறுதி கூறும் விளம்பரத்தை நம்பி முதலிடுதல் தகாது.

ஒரு கணக்கு: 10 கிலோ ஜெலட்டினின் மூன்று வழிகள்

இனி வணிகவியலுக்கு வருவோம். 100 கிலோ ஈரத்தோலிலிருந்து 10 விழுக்காடு, அதாவது 10 கிலோ ஜெலட்டின் கிடைப்பதாகக் கொள்வோம். அதன் விலை கிலோ 500 ரூபாய், பாலிதீன் விலை கிலோ 120 ரூபாய், மின்சாரம் ஓர் அலகு 8 ரூபாய் என்றும் கொள்வோம். இவை கணக்கின் வசதிக்காக வைத்துக்கொண்ட எண்கள். வாசகர்கள் தத்தம் ஊரின் உண்மை விலைகளை இட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் வழி, தூளாகவே விற்பது. 10 கிலோவுக்கு 5,000 ரூபாய் வருகிறது.

இரண்டாம் வழி, பாலிதீனுக்கு மாற்றாகப் படலம் செய்வது. 10 கிலோ ஜெலட்டினோடு 2.5 கிலோ கிளிசராலும், படலத்தில் தங்கும் ஈரமும் சேர்ந்து ஏறத்தாழ 14 கிலோ எடை வரும். 50 மைக்ரான் தடிமனுள்ள படலம் சதுர மீட்டருக்கு 65 கிராம் எடை கொள்ளும். ஆகக் கிடைப்பது சுமார் 215 சதுர மீட்டர். இதே பரப்பும் தடிமனும் உள்ள பாலிதீனின் எடை வெறும் 10 கிலோ. மூலப்பொருள் விலை 1,200 ரூபாய். 5,000 ரூபாய்ப் பொருளைக் கொண்டு 1,200 ரூபாய்ப் பொருளின் இடத்தை நிரப்புகிறோம்.

நட்டம் அதோடு நிற்பதில்லை. 4 விழுக்காட்டுக் கரைசலில் 10 கிலோ ஜெலட்டினுக்கு 240 லிட்டர் நீர் உண்டு. அதை ஆவியாக்கக் குறைந்தது 155 அலகு வெப்பம் வேண்டும். உலர்த்தியின் திறன் பாதியளவே எனில் 310 அலகு. செலவு ஏறத்தாழ 2,500 ரூபாய். பாலிதீனின் முழு விலையைப்போல் இருமடங்கு உலர்த்தும் மின்சாரத்துக்கே போகிறது. இதற்கு மேல் கூலி, கிளிசரால், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, வட்டி ஆகியவை இருக்கின்றன.

மூன்றாம் வழி, படலத்தைத் தனியே வார்க்காமல் உணவின்மேலேயே உருவாக்குவது. உறைகுளிர் நிலைக்கு அனுப்பும் மீன் துண்டங்களை ஜெலட்டின் கரைசலில் ஒருமுறை முக்கி எடுத்தால், குளிர்ந்த மீனின்மேல் கரைசல் உடனே உறைந்து பூச்சாகிவிடும். தனியாக உலர்த்தும் வேலையே இல்லை. துண்டம் தன் எடையில் 5 விழுக்காடு கரைசலை ஏற்பதாகக் கொண்டால், 250 கிலோ கரைசல் 5,000 கிலோ மீனுக்குப் போதும். ஜெலட்டின் செலவு கிலோ மீனுக்கு 1 ரூபாய். இத்தகைய பூச்சு, உறைகுளிரில் மீன் வறண்டுபோவதையும், கொழுப்பு சிக்குப் பிடிப்பதையும், உருகும்போது சாறு வடிவதையும் குறைப்பது ஆய்வுகளில் பலமுறை காணப்பட்டுள்ளது. கிலோ பல நூறு ரூபாய்க்கு விற்கும் மீனில் எடையும் தரமும் காக்கப்படுமானால், 1 ரூபாய்ச் செலவை ஏற்க ஏற்றுமதியாளர் தயங்கமாட்டார்.

ஒரே 10 கிலோ ஜெலட்டின்; ஒரு வழியில் 1,200 ரூபாய்ப் பாலிதீனின் போட்டியாளர்; மற்றொரு வழியில் 5 டன் மீனின் காவலர். எதை அப்புறப்படுத்துகிறது என்று எண்ணினால் இது நட்டத் தொழில். எதைக் காக்கிறது என்று எண்ணினால் இலாபத்துக்கு வழி உண்டு. இக்கட்டுரையில் ஒன்றையேனும் நினைவில் இருத்த வேண்டுமெனில், அது இக்கணக்கே.

பூச்சிலும் எச்சரிக்கை தேவை. கரைசல் உறைந்துவிடாதிருக்க வெதுவெதுப்பாக வைக்க வேண்டும். வெதுவெதுப்பான புரத நீர் நுண்ணுயிருக்கு விருந்து. ஆகவே தொட்டியைச் சிறியதாக வைத்து அடிக்கடி மாற்ற வேண்டும். பூச்சின் எடையை மீனின் எடையாகக் காட்டுதலும் கூடாது. வாங்குபவரின் முன்சம்மதமும் சிட்டையில் அறிவிப்பும் வேண்டும்.

தனிப் படலத்துக்கும் இடம் இல்லாமல் இல்லை. வெந்நீரில் உறையோடு கரையும் மசாலா அல்லது எண்ணெய்ப் பொட்டலம், அடுக்கிய மீன் துண்டங்களுக்கு இடையே வைக்கும் தாள், மருந்துறை ஆகியவற்றில் உறையின் விலை சிறியது, அதன் பணி பெரியது. பன்றி, மாடு ஆகியவற்றின் ஜெலட்டினைச் சமயக் காரணங்களால் ஏற்காத நுகர்வோருக்கு மீன் ஜெலட்டின் ஏற்புடையதாவதால், அச்சந்தையில் கூடுதல் விலையும் கிடைக்கும்.

பச்சைப் புள்ளியும் பழுப்பு முக்கோணமும்

2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருள்களுள், இனிப்புப் பெட்டிகளைச் சுற்றும் படலமும் ஒன்று. அவ்விடத்தை மீன்புரதப் படலத்தால் நிரப்பலாமே என்னும் எண்ணம் எளிதில் எழும். ஆனால் நம் நாட்டு உணவுச் சட்டப்படி, மீனிலிருந்து பெற்ற சேர்மானம் உள்ள உணவு அசைவமே. அதன் சிட்டையில் பழுப்பு முக்கோணக் குறி இடப்பட வேண்டும். பால்கோவாப் பெட்டியில் அக்குறியைக் கண்டால் வாங்க வந்தவர் திரும்பிப் போவார். பழங்களின்மேல் பூசுவதற்கும் இதுவே தடை.

எனவே மீன்புரதத்தின் இயல்பான வீடு, மீனும் இறைச்சியும் மருந்துமே. சைவ உணவுக்குக் கடற்பாசிப் படலமே பொருத்தம். மன்னார் வளைகுடாக் கரையில் இராமநாதபுரம் மாவட்டப் பெண்கள் காலங்காலமாகச் சேகரிக்கும் பாசிகளிலிருந்தே அகர் எடுக்கப்படுகிறது. அது தனியொரு பாடத்துக்கு உரிய பொருள்.

ஒவ்வாமையும் கருத வேண்டியது. மீனும், இறால் நண்டு வகைகளும் ஒவ்வாமை தரும் பொருள்களின் பட்டியலில் உள்ளவை. சிட்டையில் அவற்றை அறிவித்தல் கட்டாயம். கண்ணுக்குத் தெரியாத படலத்தில் மீன் இருப்பதை மறைப்பது ஒருவரின் உயிருக்கே தீங்காகலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமமும், காரமும் அமிலமும் கலந்த கழுவுநீருக்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் தேவை. ஜெலட்டின் ஏற்கப்பட்ட உணவுப் பொருளே. ஆயினும் தரநிர்ணயம் இல்லாத புதுச் சேர்மானங்களைக் கலந்தால் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி முன் ஒப்புதல் பெற வேண்டியிருக்கும்.

கடன் கோரும் முன்

இத்தகைய திட்டம் வங்கிக்கு வரும்போது நாம் எவற்றைப் பார்க்கிறோம் என்பதை வெளிப்படையாகவே கூறிவிடலாம்.

முதலில், தோல் தரும் ஆலையோடு எழுத்து வடிவ உடன்பாடு உண்டா என்று பார்க்கிறோம். இன்று இலவசமாகக் கிடைக்கும் கழிவு, நாம் ஆலை கட்டிய மறுநாளே விலையுள்ள பொருளாகிவிடும். எனவே தோலுக்கு ஒரு விலை வைத்தே கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, மீன்பிடித் தடைக்காலம். கடல் மீனை நம்பும் ஆலைக்குக் கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் ஆண்டுக்கு 61 நாள் தடை உண்டு. ஆண்டு முழுதும் உற்பத்தி என்று எழுதிய அறிக்கை அங்கேயே தடுமாறும். வளர்ப்பு மீன், உலர்ந்த செதில் ஆகியவற்றை இடைக்கால மூலப்பொருளாகக் காட்டுவது நன்று.

மூன்றாவது, வாங்குபவரின் கடிதம். மாதிரியைச் சோதித்துப் பார்த்த ஒரே ஓர் ஏற்றுமதியாளரின் கடிதம், சந்தை பற்றிய இருபது பக்கக் கட்டுரையைக் காட்டிலும் எடை மிக்கது.

நான்காவது, தொழில்நுட்பத்தின் மூலம். கொச்சியில் 1957இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இத்துறையில் நெடுங்கால ஆய்வு கொண்டது. வெராவல், விசாகப்பட்டினம், மும்பை ஆகிய இடங்களிலும் அதற்கு ஆய்வு மையங்கள் உள்ளன. தொழில்முனைவோருக்குப் பயிற்சியும் தொழிற்காப்பக வசதியும் அங்கே உண்டு. இயந்திரம் வாங்கும் முன் அங்கு மாதிரி செய்து, புளூம் அளவும் நுண்ணுயிர்ச் சோதனையும் பெற்றுவருவோரின் அறிக்கை தனித்துத் தெரியும்.

ஐந்தாவது, மானியத்தைச் சொந்த முதலாகக் காட்டுவது. 2020இல் 20,050 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில், பயனாளி சார்ந்த பணிகளுக்குப் பொதுப் பிரிவினர்க்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் உதவி வகுக்கப்பட்டது. உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 விழுக்காடு, அதிக அளவு 10 லட்சம் ரூபாய், மானியம் உண்டு. இம்மானியங்கள் முதலில் கைக்கு வருவன அல்ல. குறுந்தொழில் திட்டத்தில், கடன் கணக்கு ஒழுங்காக நடந்தால் மட்டுமே மூன்றாண்டுகளுக்குப் பின் அது கடனில் ஈடு செய்யப்படும். மானியம் வராவிடினும் தவணை கட்ட இயலுமா என்னும் கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும். திட்டங்களின் காலமும் விதிகளும் மாறக்கூடியவை. அன்றைய நிலையைக் கிளையில் கேட்டறிதல் நலம்.

படிப்படியாகச் செல்வோரையே நாம் விரும்புகிறோம். முதற்படியில் ஜெலட்டின் எடுத்துத் தூளாக விற்றல். இரண்டாம் படியில் அருகிலுள்ள ஏற்றுமதி ஆலைக்குப் பூச்சுக் கரைசல் வழங்குதல். அதில் வரும் இலாபத்தைக் கொண்டு மூன்றாம் படியில் படலம் வார்க்கும் இயந்திரம். இவ்வரிசையில் முதற்படியே தன் காலில் நிற்கும். மூன்றாம் படியிலிருந்து தொடங்குபவர், சந்தை உருவாகும்வரை வட்டியைக் கையிலிருந்து கட்ட வேண்டியவராவார்.

சிறுமுதல் உடையோருக்கும் இதில் பங்கு உண்டு. சந்தையில் மீன் சீவும் பெண்களின் காலடியில் நாள்தோறும் செதில் குவிந்து, மாலையில் குப்பைக்குப் போகிறது. ஒரு மகளிர் சுயஉதவிக் குழு அதைச் சேகரித்துக் கழுவி உலர்த்தித் தரம் பிரித்து ஜெலட்டின் ஆலைக்கு விற்க, நன்னீரும் உலர்த்தும் மேடையும் வலைப்பந்தலும் எடைக்கருவியும் போதும். இதற்கு முத்ரா திட்டத்தின் சிறு கடன்களோ, குழுக் கடனோ பொருந்தும். ஆலையிடமிருந்து வாங்கும் உறுதியைப் பெற்ற பின்னரே செதில் சேகரிப்பைத் தொடங்க வேண்டும் என்பது மட்டுமே நம் அறிவுரை.

இத்தொழிலில் முதலிட எண்ணும் வாசகர்கள், மேற்கண்ட மூன்று வழிக் கணக்கைத் தம் ஊர் விலைகளோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளை மேலாளரைச் சந்திக்கலாம். தோலின் விலை, உலர்த்தும் மின்செலவு, பூச்சை வாங்க இசைந்த ஆலையின் பெயர் ஆகிய மூன்றும் அத்தாளில் இருக்குமாயின், உரையாடல் அங்கிருந்தே பயனுள்ளதாகத் தொடங்கும்.